பழைய மோட்டார் வண்டியின் பெறுமதி

பொருள் பழமையடையுந்தோறும் விலை குறையும் என்பது சந்தையின் பொது விதி. மோட்டார் வண்டிக்கு இவ்விதி மிகக் கடுமையாகவே பொருந்தும். விற்பனைச் சாலையை விட்டு வெளியே வந்த அன்றே அதன் விலை சரியத் தொடங்கிவிடுகின்றது. எனினும், இவ்விதிக்குப் புறம்பாக நிற்கும் வண்டிகளும் சில உள. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் உருவான விரைவோட்ட வண்டிகள் அவற்றுள் முதன்மையானவை. ஒரு வண்டி "நன்கு பேணப்பட்டது" எனச் சேகரிப்போர் கூறும்போது அதன் பொருள் யாது என்பதை, பெராரி ஒன்றின் வரலாற்றைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

பிரான்சு நாட்டின் மேற்குப் பகுதியில் ரொஜே பாயோன் என்னும் போக்குவரத்துத் தொழிலதிபர் 1950 களிலிருந்து பழைய வண்டிகளைச் சேர்த்து வந்தார். அவற்றை வைத்து நூதனசாலை ஒன்று அமைப்பதே அவருடைய கனவு. தொழில் நொடித்தது, கனவும் நின்றது. சேகரத்தில் ஒரு பகுதி விற்கப்பட்டபின், ஏறத்தாழ அறுபது வண்டிகள் எஞ்சின. 2014 இல் குடும்பத்தார் அழைக்க, பாரிஸ் நகரத்து ஏல நிறுவனமொன்றின் வல்லுநர் அங்கே சென்றனர். பக்கச் சுவரில்லாத கொட்டில்களில் நின்ற வண்டிகள் பல துருவேறி உருக்குலைந்திருந்தன. ஆனால், அடைத்த கொட்டகையொன்றில், பழைய சஞ்சிகைக் குவியலின் கீழே, 1961 ஆம் ஆண்டின் பெராரி ஒன்று முழு உருவத்தோடு நின்றது.

அதன் பெயர் பெராரி 250 ஜீ.ரீ. கலிபோர்ணியா ஸ்பைடர். ஒவ்வோர் உருளையின் கொள்ளளவும் ஏறத்தாழ 250 கன சென்ரிமீற்றர் ஆதலின், அவ்வெண் பெயராயிற்று. பன்னிரண்டு உருளைகளுங் கூடி மூன்று லீற்றரை அண்மிய யந்திரம் அது. அமெரிக்க வாடிக்கையாளரை நோக்கித் திறந்த மேற்பகுதியோடு ஆக்கப்பட்டமையால் கலிபோர்ணியா என்ற பெயர் வாய்த்தது. சில்லுகளுக்கிடையே 2400 மில்லிமீற்றர் நீளமுள்ள குறுகிய அமைப்பில் ஐம்பத்தாறு வண்டிகளே செய்யப்பட்டன. அவற்றுள்ளும் முகப்பு விளக்குகளைக் கண்ணாடி மூடியிருக்கும் வகையைச் சேர்ந்தவை முப்பத்தேழு. பாயோன் கொட்டகையில் நின்றது அவ்வகையைச் சேர்ந்தது.

எண்ணிக்கையின் அருமை மட்டுமே விலைக்குக் காரணமன்று. மொடேனா நகரத்து ஸ்காலியெத்தி பட்டறையில் இவ்வண்டிகளின் உடற்பகுதியைக் கம்மியர் சுத்தியல் கொண்டு கையாலேயே தட்டி உருவாக்கினர். ஆகவே, ஒரே வகையைச் சேர்ந்த இரு வண்டிகளை அருகருகே நிறுத்தி அளந்தால் அளவு அப்படியே ஒத்திராது. வளைவுகளிலும் பொருத்துகளிலும் அன்றைய தொழிலாளியின் கைத்திறன் பதிந்திருக்கின்றது.

இக்கைத்தடம் எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்பதையே தேர்ந்த சேகரிப்பாளர் ஆராய்வர். அடிச்சட்டத்தில் பொறித்த இலக்கமும் யந்திர இலக்கமும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு பொருந்துகின்றனவா என முதலில் நோக்குவர். பின்னர் வர்ணம், தோலிருக்கை, அளவுமானிகள் ஆகியவை ஆதியில் அமைந்தவையா எனப் பார்ப்பர். கைமாறிய வரலாற்றைக் காட்டும் பத்திரங்களையும் கேட்பர். விலை ஏற ஏறப் போலிகளும் பெருகுமாதலின், இவ்விசாரணை அவசியமாகின்றது.

இவ்வாறு கிடைத்த வண்டியை என்ன செய்வது என்பதே கடினமான வினா. முன்னாளில், வண்டியைக் கழற்றி, வர்ணத்தைச் சுரண்டி, புதுத்தோல் போர்த்துப் பளபளப்பாக்குவதே சிறப்பெனக் கருதினர். அவ்வாறு செய்யும்போது தொழிற்சாலையின் தடயம் முற்றாக அழிந்துபோகின்றது. வர்ணத்தைப் பத்து முறையும் பூசலாம். முதற்பூச்சோ ஒருமுறைதான் உண்டு. எனினும், ஒன்றையுந் தொடாது விடுவதும் அறிவன்று. காலத்தால் வெடித்த இறப்பர்க் குழாய்களும் இறுகிய தடைப்பாகங்களும் மாற்றப்படாவிடின் வண்டி ஓடாது, ஓடினாலும் ஆபத்தே. ஆதலால், ஓட்டத்திற்கும் பாதுகாப்பிற்கும் வேண்டியவற்றைப் புதுக்கி, கண்ணிற்படும் பழமையைக் காப்பதே நடுவழி என்னும் கருத்து இன்று வலுப்பெற்று வருகின்றது. கலிபோர்ணியாவின் பெபிள் பீச் என்னுமிடத்தில் ஆண்டுதோறும் நிகழும் புகழ்பெற்ற கண்காட்சியில், 2024 இல் முதன்முறையாகப் புதுப்பிக்கப்படாத வண்டியொன்று தலைமைப் பரிசைப் பெற்றமை இம்மாற்றத்திற்குச் சான்று.

பாயோன் சேகரத்துப் பெராரியைப் பாரிஸில் காட்சிக்கு வைத்தபோது அதன் தூசியைக்கூடத் துடைக்காது வைத்தனர். 2015 பெப்ரவரி 6 ஆம் நாள் ஏலம் நடைபெற்றது. 95 இலட்சத்திலிருந்து 120 இலட்சம் யூரோ வரை பெறும் என மதிக்கப்பட்ட வண்டி, கட்டணங்களோடு ஒரு கோடியே அறுபத்திரண்டு இலட்சம் யூரோவுக்கு மேற்பட்ட விலைக்குப் போயிற்று.

பணமுடையோர் விரும்பினால் இதைவிட வேகமும் வசதியும் மிக்க புதிய வண்டியைச் சிறுதொகைக்கே பெறலாம். அரை நூற்றாண்டுக் காலம் எவருடைய கையும் திருத்தாது விட்ட உண்மையை எத்தொழிற்சாலையாலும் மீண்டும் செய்து கொடுக்க முடியாது. அவ்வுண்மைக்கே அன்று அவ்விலை கொடுக்கப்பட்டது. அதை வாங்கியவரின் பொறுப்பும் அங்கேயே தொடங்குகின்றது. ஒருநாள் வேலையில் துடைத்தெறியக் கூடியதை இன்னொரு தலைமுறைக்குக் கையளிப்பதே அவர் மேற்கொண்ட கடமை.