கேஷ் கவுண்டரில் இருப்பது காசா?

வங்கிக்குப் போனால் கண்ணாடித் தடுப்புக்கு மேலே 'கேஷ்' என்று எழுதியிருக்கும். பார்த்ததும் நம்மில் பலருக்கு ஒரு பெருமிதம் வரும்: ஆங்கிலேயருக்குப் பணத்தின் பெயரைக் கொடுத்ததே நம் 'காசு'தானே! மேடைகளில் சொல்லப்பட்டு, கைதட்டல் வாங்கிப் பழகிய செய்தி இது.

இதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் சுவையானது.

கவுண்டரில் தொங்கும் கேஷுக்கு வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'கப்சா' என்றால் பெட்டி. இத்தாலியில் 'கஸ்ஸா', பிரான்சில் 'கெஸ்' என்று உருமாறி, 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது பணப்பெட்டியைக் குறித்தது. பிறகு பெட்டியின் பெயரே உள்ளிருந்த பணத்துக்கும் ஆகிவந்தது. பள்ளியில் படித்த இடவாகுபெயர்தான்.

ஆனால் பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினால், அதே எழுத்துக்கூட்டலில் இன்னொரு கேஷ் தனிச் சொல்லாக நிற்கும். அதுவே நம் காசு. போர்ச்சுக்கீசியர் அதைத் தங்கள் நாவுக்கேற்ப 'கைஷா' ஆக்கினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதுதான் பெயர். அதுவும் கப்சாவின் வழி வந்தது. கைஷாவைக் கேட்டு ஆங்கிலேயர் கேஷ் என்றார்கள். சென்னை மாகாணத்தின் பழைய கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தக் காசுகளில் '10 கேஷ்', '20 கேஷ்' என்று ரோமன் இலக்கத்தில் பொறித்துக் கிழக்கிந்தியக் கம்பெனி பர்மிங்காமில் அடிக்க வைத்தது. 1808-ஆம் ஆண்டு பொறித்த செப்புக் காசுகளை பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்போர் அந்தக் காசுகளைப் பெருமளவில் வெளியே எடுத்தார்கள்.

ஆக, ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு, இரண்டுமே பணம். வேர் மட்டும் வேறு வேறு.

இதைவிட வியப்பானது ஆஸ்திரேலியாவில் நடந்தது. 1960-களில் மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்சன், குயின்ஸ்லாந்தில் அழிந்துகொண்டிருந்த ம்பாபரம் என்ற பழங்குடி மொழியைப் பதிவு செய்ய ஆல்பர்ட் பென்னெட் என்ற முதியவரைத் தேடிப் போனார். நாய்க்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டார். "டாக்" என்றார் பெரியவர். ஆங்கிலத்திலும் அதே டாக்! கடன் வாங்கிய சொல்லாகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். அது கடன் அல்ல. அண்டை மொழியான யிடினியில் நாய்க்கு 'குடக' என்று பெயர். ம்பாபரத்தில் பல சொற்களுக்கு முதல் அசை உதிர்ந்துவிடும். அப்படியே இங்கும் முன்னே 'கு' உதிர்ந்தது, கடைசி உயிரும் போனது, நடுவில் இருந்த அகரம் ஒகரமாகத் திரிந்தது. மிஞ்சியது 'டொக்', அதாவது 'டாக்'. ஆங்கிலச் சொல்லோ பழைய ஆங்கிலத்தின் 'டொக்கா'விலிருந்து வந்தது.

பெரும்பாலான மொழிகளில் ஒலிகள் சில பத்துகள்தான், சொற்களோ பல்லாயிரம். எங்காவது இரண்டு சொற்கள் முட்டிக்கொள்ளவே செய்யும்.

அப்படியானால் உறவை எப்படி உறுதி செய்வது? காலத்தில் பின்னோக்கி நடந்து பார்க்க வேண்டும். உறவுள்ள சொற்கள் பின்னே போகப்போக நெருங்கும். தற்செயலாக ஒத்தவை விலகும். தமிழ் 'எட்டு', ஆங்கில 'எய்ட்' இரண்டையும் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலச் சொல்லின் உறவினர்கள் ஜெர்மன் 'ஆக்ட்', லத்தீன் 'ஒக்டோ', சமஸ்கிருத 'அஷ்ட'. நம் எட்டின் அடி 'எண்'. எண்பது, எண்ணூறு, எண்சாண் ஆகியவற்றில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. கன்னடர் இன்றும் 'எண்டு' என்கிறார்கள். ஒக்டோவும் எண்ணும் எங்கே ஒட்டுகின்றன?

காதுக்கு எட்டாத உறவுகளும் உண்டு. கன்னடத்தில் காதுக்குக் 'கிவி', தமிழில் 'செவி'. அங்கே 'கிரு', இங்கே 'சிறு'. அங்கே 'கெய்', இங்கே 'செய்'. இகர எகரங்களுக்கு முன்னால் வரும் ககரம் தமிழில் சகரமாவது சொல்லுக்குச் சொல் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. மொழியியல் நம்புவது இந்த ஒழுங்கைத்தான். ஒற்றைச் சொல்லின் சாயலை அது சாட்சியாக ஏற்பதில்லை.

'கறி'யும் காசு போலவே உண்மையாகக் கப்பலேறிய சொல். ஆங்கிலேயரின் உணவுத் தட்டில் இருக்கும் 'கரி' அதுதான். ஆனால் தோல் பதனிடுவதையும் குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்வதையும் குறிக்கும் ஆங்கில வினைச்சொல் 'கரி' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. 14-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையல்காரர்கள் தொகுத்த நூலின் தலைப்பில் வரும் 'கியூரி'யும் சமையல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லே.

நம் வீட்டிலேயே இப்படி ஒலி ஒத்த ஒரு ஜோடி இருக்கிறது. பூட்டைத் திறக்கும் 'சாவி', போர்ச்சுக்கீசியரின் 'ஷாவி'. மழை பொய்த்து, மணி பிடிக்காமல் பதரான நெல்லை உழவர் 'சாவி' என்பாரே, அது 'சா' என்ற வேரில் பிறந்த தமிழ்.

காசும் கறியும் கட்டுமரமும் கடல் கடந்ததற்கு அசைக்க முடியாத சான்றுகள் உள்ளன. அவற்றோடு எட்டையும் சேர்த்துக் கோத்தால் உண்மையான பயணங்களும் நம்பப்படாமல் போகும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும், பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்த முறை ஒரு சொல்லைத் தமிழ் என்று மேடையில் சொல்வதற்கு முன், அவற்றை ஒருமுறை திறந்து பாருங்கள்.