விம்பிள்டனில் ஒரு மாணவர்



இலண்டனில் முதுநிலைப் பட்டம் பயின்று திரும்பிய என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்திருந்தார். 2025ஆம் ஆண்டு விம்பிள்டன் டென்னிஸ் பந்தயத்தில் தாம் பணியாற்றியதாக மகிழ்ச்சியுடன் கூறினார். என்ன பணி என்று கேட்டேன். “கடையில் நின்று ஸ்ட்ராபெரிப் பழம் கொடுத்தேன், ஐயா” என்றார். உடன் வந்திருந்த அவருடைய தந்தையாரின் முகம் சற்றே வாடியது. மகன் செய்த வேலையைப் பிறரிடம் சொல்ல அவருக்குக் கூச்சம் போலும்! எனக்கோ, அவ்வேலையைப் பற்றியும், அதற்கு அந்நாட்டுச் சட்டம் இட்டுள்ள வரம்பைப் பற்றியும் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டுமென்று தோன்றிற்று. வெளிநாடு சென்று படிக்க விரும்புவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது.

விம்பிள்டன் என்பது இலண்டன் மாநகரின் தென்மேற்கே உள்ள ஒரு பகுதி. அங்கு 1877இல் 22 ஆடவர் கலந்துகொண்ட சிறு பந்தயமாக இப்போட்டி தொடங்கிற்று. இறுதி ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 200 பேரே வந்திருந்தனர். இன்று நடு ஆடுகளத்தைச் சுற்றி மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் அமரலாம். நம் இராமநாதன் கிருஷ்ணன் 1954இல் இளைஞர் பிரிவில் வாகை சூடியதும், 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் அரையிறுதி வரை முன்னேறியதும் இப்பந்தயத்திலேதான்.

ஆடுபவரின் பெயர் ஏட்டில் நிற்கிறது. ஆனால் ஆட்டம் நடைபெற எத்தனை கைகள் வேண்டும்! புல்லை எட்டு மில்லிமீட்டர் உயரத்திற்குச் சீராக வெட்டுவோர் ஒரு சாரார். பந்தை எடுத்துக் கொடுக்கும் சிறுவர் சிறுமியர் ஏறத்தாழ 250 பேர். இன்று அவர்கள் சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுப் பல மாதங்கள் பயிற்சி பெறுகின்றனர். 1946 முதல் 1966 வரை, ஆதரவற்ற குழந்தைகளைப் பேணும் பர்னார்டோ இல்லங்களின் சிறுவர்கள் இப்பணியை ஆற்றினர். வாயிலில் நின்று வழிகாட்டுவோர், தேநீர் தருவோர், துப்புரவு செய்வோர் எனப் பிறரும் பலர். ஸ்ட்ராபெரிப் பழத்தைப் பாலேட்டுடன் உண்பது அங்கு நெடுநாள் வழக்கம். ஒரு பந்தயத்தில் செலவாகும் பழங்கள் ஏறத்தாழ 20 இலட்சம்! இரண்டு வாரங்களுக்கு மட்டும் இத்தனை ஆட்கள் தேவைப்படுவதால், மாணவர்க்கு அங்கு வேலை கிட்டுகிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம் மாணவருடன் ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பர் இளநிலைப் பட்டம் பயில்பவர். இவரைப் போலவே மாணவர் விசா பெற்றுச் சென்றவர். அந்த நண்பர் நாள் முழுதும் வேலை செய்தார். நம்மவரோ வாரத்திற்கு 20 மணி நேரம் மட்டுமே செய்தார். இருவருக்கும் ஏன் இந்த வேறுபாடு?

பிரிட்டனில் மாணவர் விசாவில் பட்டப்படிப்புப் பயில்வோர், படிப்புப் பருவத்தில் வாரத்திற்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். விடுமுறையில் முழுநேரமும் செய்யலாம். இளநிலை மாணவர்க்குக் கோடையில் விடுமுறை உண்டு. முதுநிலை மாணவரோ கோடையில் ஆய்வேடு எழுதுகிறார். வகுப்புகள் முடிந்துவிட்டாலும், அக்காலம் பொதுவாகப் படிப்புப் பருவமாகவே கொள்ளப்படுகிறது. வகுப்பு இல்லையே, ஆகவே விடுமுறைதானே என்று எண்ணி இடறுவோர் உண்டு. தம் பருவம் எந்நாளில் முடிகிறது என்பதைப் பல்கலைக்கழகத்திலேயே கேட்டுத் தெளிதல் வேண்டும்.

வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வாரத்தில் 10 மணியும் மறு வாரத்தில் 30 மணியும் உழைத்துச் சராசரி 20 என்று கணக்குக் காட்ட இயலாது. பந்தயமும் திங்களன்று தொடங்கி இரண்டாம் ஞாயிறன்று முடிகிறது. ஆதலால் நம் மாணவர் உழைக்கக்கூடியது இரண்டு வாரத்திற்கும் சேர்த்து 40 மணி நேரமே. 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியோர்க்கு அரசு வரையறுத்த குறைந்த அளவுக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். இக்கணக்கின்படி கிடைப்பது 488 பவுண்டு 40 பென்ஸ்.

இன்னொரு விதி வியப்பூட்டும். மாணவர் விசா பெற்றவர் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ, பயிற்சியாளராகவோ பணிபுரியலாகாது. ஆடுகளத்தின் அருகே பழம் விற்கலாம். கூலி பெற்று ஒருவருக்கு டென்னிஸ் கற்பிக்கலாகாது!

இரண்டாம் வார இறுதியில் ஆள் குறைந்தபோது, மேற்பார்வையாளர் நம்மவரை மேலும் இரண்டு நாள் வருமாறு அழைத்தார். வீட்டு வாடகைக்குப் பணம் தேவைப்பட்ட நேரம் அது. ஆனால் அவ்வாரத்தின் 20 மணியும் முடிந்திருந்தது. ஆகவே இவர் மறுத்துவிட்டார். வரம்பு மீறினால் மாணவரின் விசா நீக்கப்படலாம்; படிப்பும் அத்துடன் பாழாகலாம். உரிமையற்ற வேலையைக் கொடுத்தவருக்கும் 2024 பிப்ரவரி முதல், முதல் தவற்றுக்கே ஆள் ஒன்றுக்கு 45,000 பவுண்டு வரை தண்டம் உண்டு. அந்த விசா தரப்பட்டது படிப்பதற்காக; உழைப்பு அதற்குத் துணை மட்டுமே. சட்டத்தின் கருத்து இதுதான்.

விம்பிள்டனில் பந்து கோட்டின் உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று சொல்லக் கோட்டு நடுவர்கள் நெடுங்காலம் நின்றனர். 2025இல் அவர்கள் விலக்கப்பட்டு, மின்னணுக் கருவிகள் அவ்விடத்தைப் பெற்றன. டென்னிஸில் கோட்டைத் தொட்ட பந்தும் உள்ளே விழுந்த பந்துதான். அதுபோலவே இருபதாம் மணியும் வரம்புக்கு உட்பட்டது. அதற்கு மேல் ஒரு நிமிடமும் வெளியே. ஆனால் அந்தக் கோட்டருகே எந்த நடுவரும் எந்தக் கருவியும் நிற்பதில்லை. மாணவரே தமக்கு நடுவராக நிற்க வேண்டும்.

இதனை நான் விளக்கியபோது தந்தையார் மகனை ஏறிட்டு நோக்கினார். “வாடகைக்கு என்ன செய்தாய்? என்னிடம் கேட்டிருக்கலாமே!” என்றார். “நண்பரிடம் கடன் பெற்று, மறு மாதம் அடைத்துவிட்டேன், அப்பா” என்றார் மகன். அதன்பின் தந்தையாரின் முகத்தில் வாட்டத்தைக் காணவில்லை.