விலை மீனுக்கா, பத்திரத்துக்கா?

அலங்கார மீன் வர்த்தகத்தில் ஈடுபட்டுள்ளவர்களுக்கு அரவானா புதிய பெயரல்ல. பெரிய செதில்களும் வாயருகே இரு மீசைகளும் கொண்ட ஆசிய அரவானா மூன்றடி வரை வளரும். மலேசியா, இந்தோனேஷியா, தாய்லாந்து, கம்போடியா ஆகிய நாடுகளின் ஆறுகளிலும் சதுப்பு நீர்நிலைகளிலும் இது வாழ்கிறது.

முன்னர் அப்பகுதி மக்கள் பிடித்துச் சமைத்துண்ட சாதாரண மீன்தான் இது. சீன வர்த்தகர்கள் இதனை டிராகனுக்கு ஒப்பிட்டு, அதிர்ஷ்டம் தரும் என நம்பி வாங்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. குறிப்பாக மேற்குக் கலிமந்தானின் கபுவாஸ் ஆற்றுச் சிவப்பு வகைக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது.

இம்மீனின் பெருக்கம் மிக மெதுவானது. பருவமடைய மூன்று, நான்கு வருடங்களாகும். இடும் முட்டைகளும் சிலவே. அவற்றையும் குஞ்சுகளையும் ஆண் மீன் வாரக்கணக்கில் தன் வாயினுள் வைத்துக் காக்கும். பிடிப்பவர்கள் அந்த ஆண் மீனைப் பிடித்து, வாயிலுள்ள குஞ்சுகளை உதறி எடுத்தனர். ஒரே வீச்சில் ஒரு தலைமுறையே கைமாறியது. காடழிப்பும் சேர்ந்து கொள்ள, ஆறுகள் வெறுமையாகின.

அழியும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975 இல் அமுலுக்கு வந்தது. அதன் முதலாம் பட்டியலில் ஆசிய அரவானா உள்ளது. எனவே ஆற்றில் பிடித்த மீனை நாடுகளுக்கிடையே விற்க முடியாது. பதிவு செய்யப்பட்ட பண்ணைகளில், வளர்ப்பு மீன்களுக்குப் பிறந்தவற்றை மட்டுமே ஏற்றுமதி செய்யலாம். ஒவ்வொரு மீனின் உடலிலும் அடையாளச் சில்லு பொருத்தப்படும். அதன் இலக்கம் சான்றிதழிலும் இருக்க வேண்டும். அமெரிக்காவோ பண்ணை மீனைக்கூட வர்த்தகத்துக்கு அனுமதிப்பதில்லை.

இதில் நமது வர்த்தகர்களுக்கு இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, அருமையால் ஏறிய விலை நிலைப்பதில்லை. பண்ணைகள் பெருகியபோது சாதாரண வகைகளின் விலை சரிந்தது. உச்ச விலையை நம்பி முதலிட்டவர்கள் கையைச் சுட்டுக் கொண்டனர்.

இரண்டாவது, பத்திரமில்லாத சரக்கு சொத்தல்ல, சுமை. இலங்கையும் 1979 இல் இவ்வுடன்படிக்கையில் இணைந்த நாடு. மலிவாகக் கிடைக்கிறதே என்று அனுமதிப்பத்திரமற்ற மீனை வாங்கினால், அது சுங்கத்தில் பறிமுதலாகும் நாளில் முதலும் போகும், பல வருடங்கள் தேடிய பெயரும் போகும்.

விலையைக் கேட்கும் முன் சில்லு இலக்கத்தைக் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் அதற்காகக் கோபிக்கமாட்டார்.