இரு தளத்து மின்னணுக்கள்

சுவரில் எறிந்த பந்து திரும்பி வரும், மறுபுறம் செல்லாது. எலக்ட்ரான் என்னும் மின்னணுவோ இவ்விதிக்கு முற்றும் கட்டுப்பட்டதன்று. தடைச்சுவரைத் தாண்டுதற்குரிய ஆற்றல் இல்லாதபோதும், சுவர் மிக மெல்லியதாயின், அது சிலபோது மறுபுறத்தே காணப்படும். இதனை ஊடுருவல் என்பர்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஐசன்ஸ்டைன், ஸ்பீல்மன் முதலியோர் இது குறித்து அரியதொரு சோதனை செய்தனர். காலியம் ஆர்சனைடு என்னும் குறைகடத்தியில் மின்னணுக்கள் பரவிய இரு தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருந்தன. இடைச்சுவரின் தடிமன் ஏறத்தாழ 10 நானோமீட்டர். தலைமயிரின் தடிமனைப் பதினாயிரம் கூறிட்டால் அதில் ஒரு கூறு எனலாம்.

கடுங்குளிரில் வலிய காந்தப்புலத்தைத் தளங்களுக்குச் செங்குத்தாகச் செலுத்தினால், மின்னணுக்கள் சிறு வட்டங்களிற் சுழலும். ஒரு தளத்தில் அவை அமர்தற்கு இத்தனை இடங்களே உண்டு என்று காந்தப்புலம் வரையறுக்கின்றது. மின்னணுக்கள் ஒன்றையொன்று விலக்கும் இயல்பின. ஆதலின் தத்தம் தளத்தில் எட்ட எட்ட நிற்கும். அயல் தளத்திலிருந்து புதியதொன்று புக முயன்றால் அக்கூட்டம் எளிதில் இடங்கொடாது. எனவே ஊடுருவல் ஒடுங்கும்.

வியப்பு இனித்தான். ஆய்வாளர் சுவரை மெலிவித்திலர். மின்னணுக்களின் தொகையைக் குறைத்தனர். ஒவ்வொரு தளத்திலும் இடங்களில் பாதியே நிரம்பியிருக்குமாறு காந்தப்புலத்தையும் அதற்கேற்பக் குறைத்தனர். ஒரே தளத்து மின்னணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலக விலக, தளங்களின் இடைவெளி அத்தொலைவை நோக்கச் சிறுகிற்று. அந்நிலையில், ஒடுங்கியிருந்த ஊடுருவல், மின்னழுத்தம் சுழியாகும் இடத்திலேயே மலைமுகடு போல் ஓங்கிற்று!

மேல்தளத்தில் ஒருவன் அமர்ந்த இருக்கைக்கு நேர்கீழே உள்ள இருக்கை வெறிதாயிருப்பின், அவன் இறங்கி அமர்வதற்கு எவரையும் நெருக்க வேண்டுவதில்லை அன்றோ? அவ்வாறே ஒரு தளத்து மின்னணுவிற்கு எதிரே மறு தளத்தில் வெற்றிடம் அமைகின்றது. அவ்வெற்றிடத்தைத் துளை என்று பெயரிட்டு, அதனையும் ஒரு துகளாகவே அறிவியலார் எண்ணுவர். இன்மையையும் ஒரு பொருளாகக் கொள்வது தருக்க நூல் கற்றார்க்குப் புதிதன்று. மின்னணுவும் துளையும் இணையாகி, இணைகள் யாவும் ஒருமித்து இயங்குகின்றன.

மின்னோட்டத்திற்குக் குறுக்கே காந்தப்புலத்தால் மின்னழுத்தம் தோன்றுதலை 1879இல் ஹால் என்பார் கண்டார். 2004இல் இரு தளங்களிலும் எதிரெதிர்த் திசையில் மின்னோட்டம் செலுத்தியபோது அவ்வழுத்தம் ஏறக்குறைய மறைந்தது. இணைகளுக்கு மின்னூட்டம் இன்மையால் காந்தப்புலம் அவற்றை ஒருபுறம் தள்ளவில்லை.

எனினும் தடை அறவே ஒழிந்தது என்பதற்கில்லை. ஊடுருவலின் முகடும் ஓர் எல்லைக்குள் நின்றது. படிகத்துள் எஞ்சிய ஒழுங்கின்மையே இணைகளின் தடையற்ற ஓட்டத்தைக் குலைக்கின்றது என்று ஆய்வாளர் பலர் கருதுவர்.