குப்பைமேனி: பெயர் சொல்வதும் நாம் சொல்ல வைப்பதும்

இரண்டு நாள் மழை விழுந்தால் போதும், கிண்ணியாவிலும் திருகோணமலை உள்துறைமுக வீதியோரத்திலும் குப்பைமேனி தலைகாட்டிவிடும். மதிலோரத்தில் நிற்கும் செடியைக் காட்டிப் பெயர்க்காரணம் கேட்டால், "குப்பையான மேனியைச் சுகமாக்கும் சேர், அதுதான்" என்பார்கள் பிள்ளைகள். மூத்தம்மாமார் சொல்லிக்கொடுத்த விளக்கம். சொறி சிரங்குக்கு இலையை உப்போடு அரைத்துப் பூசுவது எங்கட பக்கத்துப் பழைய கைவைத்தியம்.

சொல்லைப் பிரித்துப் பாருங்கள். குப்பை, மேனி என்ற இரண்டுதான் அதில் இருக்கின்றன. 'சுகமாக்கும்' என்பதை நாமே உள்ளே வைத்து வாசிக்கிறோம். குப்பை என்றால் பழந்தமிழில் குவியல். குவி என்பதோடு உறவுடைய சொல். நெல்லையும் உப்பையும் குப்பை என்றே சங்கப் பாடல்கள் பேசும். இன்று நிலாவெளி உப்பளத்தில் போய் அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள்! மேனிக்கு உடல், நிறம், அழகு என்பவற்றோடு வயலின் சராசரி விளைச்சல் என்ற பொருளும் உண்டு. குப்பைமேட்டில் செழித்து விளைவது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பெயர் தூரமும் போயிருக்கிறது. சிங்களத்தில் 'குப்பமேனியா'. மலையாளக் கரையில் வழங்கிய இதே பெயரை ஒல்லாந்த ஆளுநர் வான் ரீட் தமது 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' நூலில் (1678–1693) பதித்தார். 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர் அகலிஃபா இண்டிகா. கிரேக்கத்தில் அகலிஃபா என்பது காஞ்சொறியைக் குறிக்கும். இலைச் சாயலால் வந்த பெயர். நம்ம செடி யாரையும் கடிப்பதில்லை, பாவம்.

இதற்கே பூனைவணங்கி என்றும் ஒரு பெயர். வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை வந்து முகர்ந்து, உரசி, புரளும். மலாய்க்காரர் சொல்லும் 'கூச்சிங் காலாக்' என்ற பெயரிலும் பூனைதான் இருக்கிறது. பூனைக்குட்டியால் பெயர்பெற்ற அபூஹுரைரா (ரலி) அவர்களை அறிந்த நம் பிள்ளைகள் இந்தப் பெயரை மறப்பதேயில்லை.

பூனைவணங்கி என்பது கண்ணால் கண்டு வைத்த பெயர். 'மேனியைச் சுகமாக்கும்' என்பது அப்படியல்ல. அதை நம்பி இலையைக் கஞ்சியாக்கிக் குடிப்பதுதான் எனக்குக் கவலை. ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் இதைக் குடித்தால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம். சிறுநீர் கறுக்கும், கண் மஞ்சளிக்கும், மூச்சு வாங்கும். இலங்கையிலேயே இப்படி நடந்ததை 1996இல் ஒரு மருத்துவ ஏடு பதிவுசெய்திருக்கிறது. மலேரியா நெடுங்காலம் இருந்த நாடுகளில் இந்தக் குறை கூடுதல், அதுவும் ஆண்பிள்ளைகளிடம். அநேகருக்கு அது தங்களிடம் இருப்பதே தெரியாது. இரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். பரிசோதிக்காத பிள்ளைக்கு இந்தக் கஞ்சியைக் கொடுக்க வேண்டாம். குடித்தபின் சிறுநீர் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன இலை குடித்தது என்பதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.