எதற்காக இந்தப் பிறவி? – 17: மலையை விட்டு இறங்காத கிழவி

கொல்லிமலையில் 1929-ல் மிஷனரி ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலில் இறந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் அவர் மகன் டாக்டர் பால் பிராண்ட், வேலூர், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்கள் என்று சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு புழு குறுக்கிட்டுவிட்டது.

நரம்புச் சிலந்தி. எழுபது வயதைத் தாண்டிய கிராமத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிப்பார்கள். குடிதண்ணீரோடு உள்ளே போய், ஏறக்குறைய ஒரு வருஷம் சத்தமில்லாமல் உடம்புக்குள் வளர்கிற புழு. முழு வளர்ச்சியில் ஒரு மீட்டர்கூட இருக்கும். பெரும்பாலும் காலில்தான் கொப்புளம் போட்டுத் தலை நீட்டும். நெருப்பு வைத்த மாதிரி எரியும். எரிகிறவன் என்ன செய்வான்? காலைத் தண்ணீரில் வைப்பான். புழு அதற்காகத்தான் காத்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைக் கக்கும். அவற்றைச் சின்ன நீர்ப்பூச்சிகள் தின்னும். அந்தத் தண்ணீரை இன்னொருவர் மொண்டு குடிப்பார். அடுத்த வருஷம் அவர் காலில் கொப்புளம். படியிறங்கித் தண்ணீர் எடுக்கும் கிணறும் குளமும் இருக்கிறவரை இந்தச் சுழற்சிக்கு முடிவே இல்லை.

மருந்து கிடையாது. தடுப்பூசி கிடையாது. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. தலை நீட்டிய புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, அறுந்துவிடாமல் இழுக்க வேண்டும். அறுந்தால் உள்ளே சீழ் வைத்துவிடும். அப்பா அப்படிக் குச்சியில் புழுவைச் சுற்றுவதைச் சிறுவனாகப் பக்கத்தில் நின்று பார்த்ததைப் பால் பிராண்ட் எழுதியிருக்கிறார். ஜெஸ்ஸி முறையாகப் படித்த டாக்டர் இல்லை. கட்டிட வேலை தெரிந்தவர். இங்கிலாந்திலிருந்து கிளம்புமுன் ஓராண்டு வைத்தியப் பயிற்சி எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் இந்தப் புழுவுக்கு டாக்டரைவிடக் கொத்தனார்தான் தேவை. கிணற்றைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பு, காலை நனைக்காமல் வாளியில் இறை, துணியில் வடிகட்டிக் குடி. வைத்தியம் இவ்வளவே.

இங்கேதான் என் மனசு சிக்கிக்கொண்டது. இன்று வடிகட்டிக் குடித்தால் பலன் தெரிய ஒரு வருஷம் ஆகும். ஊரில் ஒருவர் விடாமல் எல்லோரும் அப்படிச் செய்தால்தான் புழு ஊரை விட்டுப் போகும். அதுவரை, "நீ சொன்னதைக் கேட்டேனே, எனக்குப் புழு வந்துவிட்டதே" என்று ஒருவர் வந்து நிற்பார். அது போன வருஷத்துத் தண்ணீர் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? விசுவாசம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இந்த வேலைக்குத் தேவைப்பட்டது, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதம் நம்பும் விசுவாசம்.

இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்துவிட்டது. உலக அளவில் 1986-ல் வருஷத்துக்குச் சுமார் 35 லட்சம் பேர் அவதிப்பட்டார்கள். இப்போது இருபது பேர்கூட இல்லை. இப்படிக் குறைந்ததில் பெரும்பங்கு, அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் தொடங்கிய அமைப்புக்கு. தனக்குப் புற்றுநோய் என்று 2015-ல் அறிவித்தபோது மனிதர் என்ன ஆசைப்பட்டார் தெரியுமா? கடைசி நரம்புச் சிலந்தி தனக்கு முன்னால் சாக வேண்டுமாம். புழு ஜெயித்துவிட்டது. அவர் 2024 டிசம்பரில், நூறு வயதில் போய்ச் சேர்ந்தார். தொண்ணூறு தாண்டியும் சொந்த ஊர் பாப்டிஸ்ட் சபையில் ஞாயிறு பள்ளி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். கொல்லிமலைக்கு வந்த பிராண்ட் தம்பதியரும் பாப்டிஸ்டுகள்தான். சும்மா, கண்ணில் பட்டது, சொன்னேன்.

சரி, ஜெஸ்ஸியின் மனைவி ஈவ்லினுக்கு வருவோம். 1879-ல் லண்டனில் வசதியான வியாபாரி வீட்டில் பிறந்தவர். ஓவியம் படித்தவர், பட்டும் இறகுத் தொப்பியுமாக வளர்ந்தவர். அப்படிப்பட்டவர் ஜெஸ்ஸியைக் கட்டிக்கொண்டு கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் மர வீட்டில் குடியேறினார். இன்றைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிற மலை. அன்றைக்குக் கால்நடையாகத்தான், இல்லாவிட்டால் டோலி. 'மதம் மாற்றத்தானே வந்தார்கள்?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஆமாம், பிரசங்கம் செய்யத்தான் வந்தார்கள், அதை ஒளிக்கவும் இல்லை. மலை மக்கள் வருஷக்கணக்கில் மருந்தை வாங்கிக்கொண்டு பிரசங்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போதும் மருந்து நிற்கவில்லை. எனக்கு அது போதும்.

கொல்லிமலையோடு நில்லாமல் ஐந்து மலைகளுக்குப் போவது என்று கணவனும் மனைவியுமாக ஓர் உறுதி எடுத்திருந்தார்கள். கணவர் போய்விட்டார். விதவையை மிஷன் சமவெளியில் வேலைக்கு வைத்தது. 1947-ல், 68 வயதில், இன்னொரு தவணை கிடையாது, ஓய்வெடுங்கள் என்றது. ஈவ்லின் அம்மாள் ஒரே ஒரு வருஷம் கெஞ்சி வாங்கினார். தொந்தரவு செய்ய மாட்டேன் என்ற வாக்குறுதியோடு. அந்த வருஷம் முடிந்ததும் மிஷனிலிருந்து சொன்னபடி ஓய்வு பெற்றார், பெற்றுக்கொண்டு மலையில் போய்த் தங்கிவிட்டார்! இதைவிடப் பக்தியான திருட்டுத்தனத்தை நான் படித்ததில்லை.

அதற்கப்புறம் ஏறத்தாழ கால் நூற்றாண்டு. மட்டக்குதிரையில் ஊர் ஊராக. விழுந்தார், எலும்பு முறிந்தது, கால்களில் உணர்ச்சி மங்கியது. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். உலகப் புகழ் பெற்ற எலும்பு அறுவை டாக்டரான மகன், போதும் இறங்கி வா என்று மன்றாடிப் பார்த்தார். வேறு யார் வருவார்கள் இவர்களுக்கு என்பதுதான் பதில். கிணற்றுக்குக் கட்டுச்சுவர், துணியில் வடிகட்டு: கணவர் விட்ட இடத்திலிருந்து அதே பல்லவி. கடைசி இருபது வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதுகிறார். ஓவியம் படித்த பெண்மணி!

மற்ற மலைகளுக்கும் போய்ச் சேர்ந்தார். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

பக்கம் முடிந்துவிட்டதென்று ஆசிரியர் கையைக் காட்டுகிறார். டாக்டர் பால் பிராண்டும் வேலூரும் அடுத்த வாரம். ஆனால் கொல்லிமலை வரப்பில் சேற்றைக் கலக்கியதற்காகச் சிறுவன் பாலை ஒரு மலைக்காரத் தாத்தா பிடித்துக் கடிந்துகொண்ட கதை ஒன்று கையில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் வேலூர் போக முடியும் என்று தோன்றவில்லை.

(தொடரும்)