பயோடேட்டாவில் இல்லாதது போனில் இருக்கிறது

பேரணாம்பட்டில் தோல் கம்பெனிக்கு ஆள் சேர்ப்பது பெரும்பாலும் வாய்வழிதான். உள்ளே வேலை செய்யும் ஒருவர் "நம்ம பையன்தான், நல்லா செய்வான்" என்று சொன்னால் கதவு திறந்துவிடும். ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறி தையல் வேலைக்குப் போகும் பெண்ணிடம் இன்ஸ்டாகிராம் ஐடி கேட்க யாருக்கும் நேரமில்லை. அந்தக் கேள்வி ஒரு படி மேலே வருகிறது. அதே வீட்டில் பட்டம் படித்துவிட்டு ஆம்பூர் ஏற்றுமதி அலுவலகத்துக்கோ, பெங்களூரு ஐ.டி. கம்பெனிக்கோ, துபாய்க்கோ விண்ணப்பிக்கும் பிள்ளையின் பக்கத்தைத்தான் திறந்து பார்க்கிறார்கள்.

எப்படிப் பார்க்கிறார்கள்? பெரிய நிறுவனங்கள் இந்த வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிடும். பட்டம், பழைய வேலை, முகவரி, கோர்ட் வழக்கு ஆகியவற்றோடு, கேட்டால் சமூக வலைதளத்தையும் அலசித் தருவார்கள். சின்ன கம்பெனியில் இவ்வளவு ஏற்பாடு கிடையாது. பயோடேட்டாவில் உள்ள நம்பரை எச்.ஆர். தன் போனில் சேவ் செய்து வாட்ஸ்அப் டிபியைப் பார்ப்பார். பெயரோடு ஊரைச் சேர்த்து ஃபேஸ்புக்கில் தேடுவார். ஐந்து நிமிஷ வேலை. பார்த்தேன் என்று உங்களிடம் சொல்லவும் மாட்டார்.

இதில் நியாயமான கவலையும் உண்டு. பழைய கம்பெனியில் எடுத்த ஒரு ரீல்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நண்பர்கள் ஆடுகிறார்கள், பின்னால் மேஜையில் அடுத்த சீசனுக்கான சாம்பிள் ஷூ கிடக்கிறது. உள்ளே அச்சடித்த வெளிநாட்டு பிராண்டின் பெயர் பளிச்சென்று தெரிகிறது. கடைக்கு வராத டிசைன் வெளியே போனால் பையர் ஆர்டரையே நிறுத்திவிடலாம். இப்படிப்பட்ட வீடியோ போட்டவரைச் சேர்க்க ஒரு மேனேஜர் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது. கூட வேலை செய்த பெண்ணைப் பற்றி ஆபாசமாக எழுதியவருக்கும் அதே கதிதான்.

சிக்கல் என்னவென்றால், இவற்றைத் தேடப் போனவர் கண்ணில் மற்றதும் படும். எந்த மதம், எந்தக் கட்சி, கல்யாணம் ஆகிவிட்டதா, கைக்குழந்தை இருக்கிறதா. எதுவும் வேலைக்குத் தேவையில்லை, ஆனால் பார்த்ததைப் பார்க்காததாக்க முடியாது. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, வெறும் பெயரே என்ன செய்கிறது என்பதைக் காட்டியது. இந்தியத் தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு, தகுதி ஒன்றாகவும் பெயர் வேறாகவும் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் இந்த ஊருக்கு இது சின்ன விஷயமில்லை. பெயரே இவ்வளவு செய்தால், புகைப்படம் என்ன செய்யாது?

சட்டம் கைகொடுக்குமா? கொஞ்சம்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகளும் வந்தன. ஆனால் ஒருவர் தானே பொதுவெளியில் போட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 3-வது பிரிவே விலக்குகிறது. ஐரோப்பாவில் பார்வை வேறு. பக்கம் திறந்திருக்கிறது என்பதற்காகவே முதலாளி அதைப் பயன்படுத்திவிட முடியாது, அந்த வேலைக்குத் தொடர்பானதைத்தான் பார்க்கலாம் என்று அங்குள்ள தரவுப் பாதுகாப்புக் குழு 2017-இல் கருத்துச் சொன்னது. இந்தப் பகுதியின் ஷூ போகும் நாடுகளில் உள்ள பாதுகாப்பு, ஷூ செய்யும் ஊரில் இல்லை. மதத்தைக் காரணமாக்கி ஒரு தனியார் கம்பெனி வேலை மறுத்தால் தட்டிக்கேட்க இங்கே பொதுவான சட்டமும் இல்லை. அரசியலமைப்பின் 16-வது பிரிவு பேசுவது அரசு வேலையை.

வெளிநாடு போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2020 ஏப்ரலில், முஸ்லிம்களை இழிவுபடுத்திப் பதிவிட்டதற்காக அமீரகத்தில் இந்தியர்கள் சிலர் வேலையை இழந்தார்கள்; இந்தியத் தூதரே பொதுவில் எச்சரிக்க வேண்டி வந்தது. அமெரிக்காவிலோ பார்ப்பது அரசாங்கம். 2019 முதல் விசா படிவத்தில் ஐந்து வருட சமூக வலைதளக் கணக்குகளைக் கேட்கிறார்கள். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி விண்ணப்பதாரர்களும் தங்கள் பக்கத்தைப் பூட்டாமல் திறந்து வைக்க வேண்டும்.

செய்யக்கூடியது என்ன? முதலில் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு, உங்கள் பெயரையும் நம்பரையும் நீங்களே தேடிப் பாருங்கள். வாட்ஸ்அப் டிபியை காண்டாக்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றலாம். ஃபேஸ்புக்கில் பழைய பதிவுகளை மொத்தமாக நண்பர்களுக்கு மட்டும் ஆக்க ஒரு வசதி இருக்கிறது. பலர் தவறவிடுவது கமென்ட்டை. உங்கள் பக்கத்தைப் பூட்டினாலும், சினிமா ரசிகர் பக்கத்திலோ செய்தி சேனலின் பதிவிலோ நள்ளிரவில் போட்ட வசவு உங்கள் பெயரோடு அங்கேயே நிற்கும். போய் அழித்தால்தான் உண்டு. எல்லாவற்றையும் அழித்து ஆளே இல்லாத மாதிரி ஆக்கவும் வேண்டாம். டிசைன் வேலைக்குப் போகிறவருக்கு நல்ல பக்கம் ஒரு சிபாரிசுதான். பாஸ்வேர்டு, ஓடிபி கேட்டால் மட்டும் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலம் முதலாளிகள் அப்படிக் கேட்பதையே 2012-இல் சட்டம் போட்டுத் தடுத்தது.

ஆள் எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். பார்த்தே ஆக வேண்டும் என்றால் இன்டர்வியூ முடிந்த பிறகு, முடிவெடுக்காத வேறொருவர் பார்க்கட்டும். வேலைக்குத் தொடர்பானதை மட்டும் எழுதிக் கொடுக்கட்டும். சந்தேகமாக ஏதாவது கண்ணில் பட்டால் விண்ணப்பித்தவரிடமே கேளுங்கள். ஒரே தெருவில் மூன்று இம்ரான்களும் நான்கு கார்த்திக்குகளும் இருக்கும் ஊர் இது. நீங்கள் பார்த்த பக்கம் எதிரில் உட்கார்ந்திருப்பவருடையதாக இல்லாமலும் போகலாம்.